ஆறாவது மாடிக்காரி

மலைகளுக்குப் பேர்போன சீனத்துக் குயிலினுக்கு வந்து மூன்று நாளாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. தெருக்கோடியில் ஒன்று, பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் பின்னால் ஒன்று, மார்க்கெட்டில் மீன் விற்கிறவளின் தலைக்கு மேலே ஒன்று. இத்தனை மலையில் ஒன்றிலாவது சூயுன் கால் வைத்தாளா என்றால், அதுதான் இல்லை. பச்சைக்கல் கடையில் கால் வைத்தாள். வெள்ளிக் கடையில் கால் வைத்தாள். இன்று காலை ரப்பர் தலையணைக் கடையில் செருப்பைக் கழற்றச் சொல்லி, கட்டிலில் படுக்க வைத்து, கழுத்துக்கு இதமாக இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். மலையெல்லாம் பஸ் ஜன்னலோடு சரி.

வழிகாட்டிப் பெண் மோ ரொம்ப இனிமையாகப் பேசுவாள். யாரும் எதுவும் வாங்கவில்லை என்றால் மட்டும் பஸ் கதவு திறக்க நேரமாகும். சூயுன் வூஹானில் பஸ் கண்டக்டராக இருந்தவள். அவள் குரல் கொடுத்தால் பின் சீட்டில் தூங்குகிறவன் எழுந்து டிக்கெட்டை எடுப்பான். அப்படிப்பட்டவள் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டு ஏறச் சொன்னால் ஏறினாள், இறங்கச் சொன்னால் இறங்கினாள். மனசு இங்கே இருந்தால்தானே சண்டை போட முடியும்? மனசு திங்கட்கிழமையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை, மகன் இருக்கும் ஷென்ஜெனில், வீட்டை விற்க அவனுக்கு அதிகாரம் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வூஹானில் பழைய குடியிருப்பு, ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. புருஷன் இருந்ததும் போனதும் அந்த வீட்டில்தான். போன குளிர்காலத்தில் முட்டைக்கோஸ் மூட்டையோடு ஏறும்போது நாலாவது மாடித் திருப்பத்தில் விழுந்துவிட்டாள். அங்கே பல்பு எரியவில்லை, அதனால் விழுந்தாள். ஆனால் மகன் போஹாவுக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவுக்கு முட்டி போய்விட்டது, இனிமேல் மாடி ஏற முடியாது, வீட்டை விற்றுவிட்டு ஷென்ஜெனுக்கே வந்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினான். புதிதாக வாங்கப்போகும் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை என்று போனில் படம் காட்டினான். அந்த அறையில் போடத் தொட்டில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. மருமகளுக்கு இரண்டாவது குழந்தை அடுத்த மாதம்.

மூத்த பேத்தியைப் பள்ளிக்கூடம் போகும்வரை வளர்த்துக் கொடுத்தவள் சூயுன்தான். அப்போது மனசார வளர்த்தாள். இந்தத் தடவை அவளை யாரும் கேட்கவே இல்லை. அவளும் “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னாள். “பாக்கலாம்” என்றால் சரி என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷத்தில் மகன் இந்தச் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். குயிலினிலிருந்து நேரே ஷென்ஜெனுக்கு ரயில் டிக்கெட்டும் சேர்த்து. திரும்பிப் போக டிக்கெட் இல்லாத சுற்றுலா.

ஷிங்பிங் படகுத்துறையில் பஸ் நின்றதும் சூயுன் கழிப்பறைக்குப் போனாள். அங்கே வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தால் எங்கே பார்த்தாலும் அவள் கூட்டத்துக்குக் கொடுத்த அதே சிவப்புத் தொப்பி. நாட்டில் உள்ள எல்லாச் சுற்றுலாக் கம்பெனிக்கும் ஒரே கடையில்தான் தொப்பி தைக்கிறார்களோ என்னவோ. மஞ்சள் கொடி ஒன்று கூட்டத்துக்கு மேலே ஆடிக்கொண்டு போனது. மோவின் கொடியும் மஞ்சள்தான். தொப்பிகளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். திங்கட்கிழமை, தொட்டில், கையெழுத்து. தலைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குப் போகிற வழி இவ்வளவு மேடாக இருக்காதே என்று தோன்றியபோது மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. கொடியைப் பிடித்திருந்த கிழவர் நின்று தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஒரு தலை அதிகமாக இருந்தது.

லியூஜோ டிராக்டர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களின் கூட்டம் அது. வழிகாட்டியும் இல்லை, கடையும் இல்லை, தாங்களாகவே கொடி தைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கிழவர் பெயர் வெய். குரல் தொழிற்சாலைச் சங்கு மாதிரி. தொப்பியை நம்பி வந்தவள் என்று தெரிந்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெங் என்ற குண்டுப் பெண்மணி, எங்கள் ஊர் நத்தை நூடுல்ஸ் நாற்றத்தை வைத்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்றாள். நாங்கள் காலையில் எள் விழுது தின்கிற ஊர்க்காரர்கள், எங்களுக்கு மூக்கு கொஞ்சம் மந்தம் என்று சூயுன் திருப்பிக் கொடுத்தாள். மூன்று நாளில் அவள் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது.

அதற்குள் போன் அடித்தது. மோதான். படகு கிளம்பப் போகிறது, உடனே வரவேண்டும், படகு முடிந்து முத்துப்பொடிக் கடைக்கு வேறு நேரமாகிறது என்று படபடத்தாள். சூயுன் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே குன்று செங்குத்தாக நின்றது. மூங்கில் புதருக்கு நடுவே கல்படிகள் மேலே போய்க் காணாமல் போயின. மேலே எத்தனை உயரம் என்று கேட்டாள். முப்பது மாடிக் கட்டடத்துக்கும் மேலே இருக்கும் என்றார் வெய்.

“உங்க கூட்டம் படகுல உக்காந்து மலையைப் பாக்கப்போகுது. நாங்க மலையில உக்காந்து படகைப் பாக்கப்போறோம். உங்க இஷ்டம் தங்கச்சி.”

முப்பது மாடி. ஆறு மாடி ஏற முடியாது என்றுதானே வீட்டை விற்கிறார்கள். சூயுனுக்குச் சட்டென்று உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. போனில் மோவிடம், நான் தொலைந்துபோகவில்லை, வழி தெரிந்துதான் போகிறேன், என் பங்கு முத்துப்பொடியை நீயே பூசிக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முதல் ஆறு மாடி ரோஷத்திலேயே ஏறிவிட்டாள். இந்நேரம் என் வீட்டுக் கதவைத் திறந்திருப்பேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் முட்டி பேச ஆரம்பித்தது. வலது முட்டி ஒவ்வொரு படிக்கும் ஒரு சுருக் கொடுத்தது. மழை பெய்து காய்ந்த கல், ஓரமெல்லாம் பாசி. கையில் கிடைத்த மூங்கில், வேர், கம்பிக் கைப்பிடி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு மண்டபத்தில் மெங் அவளை உட்கார வைத்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். திரும்பிப் போவதானால் தானும் கூட வருவதாகச் சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் “நல்ல மனசோடு” என்னென்ன நடக்கும் என்று சூயுனுக்கு இந்த ஒரு வருஷத்தில் அத்துப்படி ஆகியிருந்தது. ஆரஞ்சை வாயில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

உச்சிக்குக் கீழே பாறை மேல் இரும்பு ஏணி சாத்தியிருந்தது. அதில் அவள் ஏறியதை ஏறியது என்று சொல்ல முடியாது. வெய் மேலிருந்து கையைப் பிடித்து இழுக்க, மெங் கீழிருந்து முட்டுக்கொடுக்க, மூட்டை மாதிரி போய்ச் சேர்ந்தாள். ஆனாலும் போய்ச் சேர்ந்தாள்.

மேலே காற்று அடித்தது. கீழே ஆறு வளைந்து திரும்பியது. படகுகள் எறும்பு போல ஊர்ந்தன. அதில் ஒன்றில்தான் தன் கூட்டம் போகிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. ஆற்றுக்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் வெளிறிய நீலத்தில் இன்னொன்று. சூயுன் பாறையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. முடியாது முடியாது என்று மகன் சொன்னான் சரி, அதை நானும் நம்பிவிட்டேனே என்ற ஆத்திரம். லியூஜோக்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெய் வாயைக் குவித்து ஆற்றைப் பார்த்து ஓவென்று கத்தினார். கத்துங்கள் தங்கச்சி, மேலே வந்தவர்கள் எல்லோரும் கத்திவிட்டுத்தான் போவார்கள் என்றார். சூயுன் எழுந்து நின்று, கண்டக்டர் குரலில் ஒரு கத்துக் கத்தினாள். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் போனைக் கீழே போடப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மகன் அழைத்தான். மோ அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள். அவன் ஏற்கெனவே ரயிலில் இருந்தான். எந்தக் குன்று என்று கேட்டுக்கொண்டு, எங்கேயும் நகராதே, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். ஆபீஸில் பாதியில் எழுந்து வந்திருக்கிறான். சூயுனுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. வரவேண்டாம், நானே இறங்கிக்கொள்கிறேன் என்றாள். அவன் காதில் வாங்கவில்லை.

மேலேயே ரொட்டியும் ஊறுகாய் மூங்கில் குருத்துமாகச் சாப்பாடு நடந்தது. சீட்டுக்கட்டு வந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது இறங்கினார்கள். ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்பது அவள் முட்டிக்கு நன்றாகவே தெரியும். அவள் திரும்பி நின்று, மலையைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கினாள். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். வலியில் கண்ணில் தண்ணீர் தானாக வந்தது. அதைத் துடைக்கக் கூடக் கையை எடுக்க முடியவில்லை.

மண்டபத்துக்கு வந்தபோது போஹாவ் அங்கே உட்கார்ந்திருந்தான். ஆபீஸ் சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. பாலிஷ் போட்ட ஷூவில் சேறு. பாதி மலை ஏறுவதற்குள் முகம் வெளுத்து, பேச மூச்சில்லாமல் இருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான். அவள் காலைப் பார்த்தான். முட்டி வீங்கி, கால்சட்டையை இறுக்கிக்கொண்டிருந்தது. அவன் அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்னால் நீட்டினான்.

மண்டபத்தில் இருந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். அம்மாவை முதுகில் சுமந்து மலை இறக்கப்போகிற பிள்ளை. யாரோ கைதட்டினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா என்று ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுக்க ஆரம்பித்தாள். மெங்குக்குக் கூடக் கண் கலங்கிவிட்டது. ஏறிக்கொள்ளுங்கள் அக்கா, கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றாள்.

சூயுன் அந்த முதுகைப் பார்த்தாள். குளிப்பாட்டி அதைத் தேய்த்துவிட்டது அவள். காய்ச்சலில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மாடி ஏறியது அவள். ஏறிக்கொண்டால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று ஒவ்வொரு எலும்பும் கெஞ்சியது.

“எழுந்திரு” என்றாள்.

“அம்மா, அடம் பிடிக்காதே. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். உன் முதுகுல ஏறினேன்னா நேரா ஷென்ஜென்லதான் இறக்கி விடுவே. எனக்குத் தெரியும்.”

கைதட்டல் நின்றுவிட்டது. போஹாவ் குந்தியபடியே திரும்பிப் பார்த்தான். காதெல்லாம் சிவந்திருந்தது. முட்டியைப் பார், எப்படி வீங்கியிருக்கிறது பார், இதை வைத்துக்கொண்டு தினமும் ஆறு மாடி எப்படி ஏறுவாய் என்று கேட்டான்.

“வலிக்குதுதான். வலிக்கலைன்னு நான் சொன்னேனா? வலிச்சாலும் இது என் காலுடா. எத்தனை தரம் உக்காந்து உக்காந்து ஏறினாலும் நான்தானே ஏறப்போறேன். வீட்டை விக்கலை. திங்கக்கிழமை நான் எங்கேயும் வர்றதா இல்ல.”

“அப்போ பாப்பாவ யாரு பாத்துக்கறது?”

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். படம் எடுத்த பெண் போனை மெதுவாக இறக்கினாள். வெய் திரும்பி நின்று தன் கொடியைச் சுருட்டத் தொடங்கினார்.

சூயுனுக்குக் கோபம் வரவில்லை. ஒரு வருஷமாக முட்டியைப் பற்றியே பேசிப் பேசி, இப்போதுதான் ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான் என்று அப்பாடா என்றிருந்தது.

“இதை முதல்லயே கேட்டிருந்தா நாம முட்டியைப் பத்திப் பேசியே இருக்க வேண்டாம். எனக்குப் பாப்பாவப் பாக்க ஆசைதான். ரயில் ஏறி வருவேன், கொஞ்சுவேன், நாலு நாள் இருந்துட்டு என் வீட்டுக்குப் போயிடுவேன். வளக்கறது நீங்க ரெண்டு பேரும். பெத்துக்கறதுன்னு முடிவு பண்ணினப்போ என்னைக் கேட்டீங்களா?”

அவன் எழுந்து, படியின் ஓரமாக நகர்ந்து வழி விட்டான். சூயுன் மறுபடி மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, பின்பக்கமாக ஒரு காலை இறக்கினாள். வலது கால் சற்று வழுக்கியது. அவன் கை தானாக நீண்டது. அவள் முறைத்ததும் இழுத்துக்கொண்டான். பிறகு அவளுக்கு ஒரு படி கீழே போய் நின்றுகொண்டு, எந்தக் கல்லில் பாசி இருக்கிறது என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தான். அவள் அந்தக் கற்களைத் தவிர்த்துக் கால் வைத்தாள்.

பாதிக்கு மேல் இறங்கிய பிறகு அவன் மெல்லச் சொன்னான்.

“நாளைக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாது, பாரு.”

“முடியாட்டி படுத்துக் கிடக்கறேன்” என்றாள் சூயுன், அடுத்த படியைக் காலால் தேடிக்கொண்டே. “என் வீட்டுல படுத்துக் கிடக்கறேன்.”