தீப்பெட்டி வைத்த இடம்

1

"ஏம்மா, தீப்பெட்டி எங்க?" என்று அவர் கூடத்திலிருந்து கேட்டார்.

"வச்ச எடத்துலதான் இருக்கு" என்று அவள் சமையலறையிலிருந்து சொன்னாள்.

கதை இங்கே தொடங்குகிறது. அவர்களுடைய பேச்சு இங்கே முடிந்தது.

கதை பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து, பூசை முடிந்த கையோடு பங்குத்தந்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "திருவருகைக் காலம் வருதும்மா. அதுக்கு உள்ளத்தைத் தயாரிக்கிறது எப்படின்னு பங்கு இதழுக்கு ஒரு சின்னக் கதை வேணும். ரெண்டு பக்கம் போதும். ஆறுதலா முடிச்சிருங்க."

ஆறுதலைப் பக்கக் கணக்கில் கேட்பவரிடம் எப்படி முடியாது என்பது? தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களும் புனிதமான காத்திருப்பின்…"

(நிறுத்தினேன். பேருந்துக்குக் காத்திருப்பவர்கூட இவ்வளவு பொய் சொல்லமாட்டார்.)

இரண்டாவது தொடக்கம்: "மின்பணியாளர் ஒருவர் இருந்தார். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டுக் கொடுத்த அந்தக் கைகள்…"

(நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. சந்தேகமே அதனால்தான்.)

3

மின்பணியாளர் வீட்டில் பிளாஸ்டிக் இலைகளால் ஆன வளையம் ஒன்று உண்டு. அதில் நான்கு மெழுகுதிரிகள்: மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும். ரோஸ் மகிழ்ச்சிக்குரியது, அதன் முறை மூன்றாம் ஞாயிறு. அவரோ வருடாவருடம் முதல் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே அதைக் கொளுத்தி, படுக்கப் போகும்வரை எரியவிடுவார்.

"முறைன்னு ஒண்ணு இருக்குங்க" என்பாள் மனைவி.

"சும்மா டெஸ்டிங்மா. சந்தோஷம் எரியுதான்னு முதல்லயே பாத்துக்க வேணாமா? கடைசி நேரத்துல ஃபியூஸ் போனா யாரு பொறுப்பு?"

அதனால் கிறிஸ்துமஸ் வரும்போது அந்த வீட்டில் மட்டும் ரோஸ்தான் எல்லாவற்றிலும் குட்டை. விருந்தாளிகள் கேட்டால், "கம்பெனியே அப்படித்தான் செய்றான்" என்று முகம் மாறாமல் சொல்வார். இந்தப் பொய்யைப் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா, தெரியாது.

4

அந்தச் சனிக்கிழமை அவள் சொன்னதற்கு மறுமொழி வரவில்லை. "வச்ச எடம் எதுன்னுதானே கேக்குறேன்" என்று வழக்கமாக வரும். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வளையத்தின் பக்கத்தில் தலையை…

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அவர் இறந்துபோயிருந்தார் என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.)

5

அவருடைய தங்கை, என் நாத்தனார், இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அண்ணி, எங்க அண்ணன எதுக்கு இவ்ளோ நல்லவராக்கி வச்சிருக்கீங்க? படிச்சா, யாருடா இந்த ஆளுன்னு அவரே கேப்பாரு."

"கதையில வர்றது அவர் இல்ல."

"அப்ப அந்தப் பொண்டாட்டி?"

"அவளும் நான் இல்ல."

"சரி, அந்த இல்லாத பொம்பளகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கு முதல் ஞாயிறு. வளையத்த வெளிய எடுப்பாளா, மாட்டாளா?"

(எழுதுகிறவளிடம் கேட்கக்கூடாத கேள்வி. வளையம் அலமாரியின் மேல்தட்டில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கிறது. நான்கு திரியும் போன வருடம் வாங்கியபடியே புதிது. நான்கும் ஒரே உயரம். அவள் பார்க்கப் பயப்படுவது அந்த உயரத்தைத்தான்.)

6

முடிவு அ: கேட்டவுடனே அவள் கூடத்துக்கு வந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுக்கிறாள்.

(இது போன வருடத்துக்கான முடிவு. காலாவதியாகிவிட்டது. இதைப் படித்த நாத்தனார், "எடுத்துக் குடுத்திருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது அண்ணி. ரோஸு மட்டும் கொஞ்சம் கொறஞ்சிருக்கும்" என்றாள்.)

முடிவு ஆ: அவள் முறைப்படி ஊதாத் திரியை ஏற்றுகிறாள். உள்ளம் தயார். பங்குத்தந்தைக்கும் திருப்தி.

முடிவு இ: ரோஸ். டெஸ்டிங்.

வளையத்தை இறக்கி மேசையில் வைத்தாயிற்று. என் மனம் மாறுவதற்குள் நாத்தனாரே செய்தித்தாளைப் பிரித்துவிட்டாள். இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். உள்ளத்தைத் தயாரிப்பது பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேற்கொண்டு தெரிந்தவர்கள் பங்கு இதழுக்கு எழுதலாம்.

எந்தத் திரி என்பதை நீங்களே சொல்லுங்கள். எதுவானாலும் தேடி அலைய வேண்டியதில்லை. கூடத்து மாடத்தில், மாதா சுரூபத்துக்குப் பின்னால், தீப்பெட்டி வைத்த இடத்தில்தான் இருக்கிறது.