உப்பைப் பார்க்காத ஆள்

ஷாட் முடிந்ததும் டைரக்டர் கமலாம்பாள் மேடம் மானிட்டரிலிருந்து திரும்பி, “எப்படி இருக்குது?” என்று கேட்டார். பதில் சொல்ல நான் தயாரானேன். கேள்வி எனக்கில்லை, சிங்காரத்துக்கு. எட்டு வருஷமாக, நான்கு படத்தில், நான் அவருக்கு அசோசியேட் டைரக்டர். என்னிடம் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. சிங்காரம் மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். கதாநாயகிக்கு உப்பு வாரும் பலகையைப் பிடிக்கச் சொல்லித்தர மூன்று நாள் முன்னால் நான்தான் கூட்டிவந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

“நல்லாத்தாங்க இருக்குது,” என்றார் சிங்காரம். “ஆனா அந்தப் பொண்ணு உப்பயே பாக்குதுங்க. நாங்க பாக்க மாட்டோம், கண்ணு கூசும். பலகை உப்புக்கு அடியில இருக்குற களிமண்ண தொட்டா கைக்கே தெரிஞ்சிடும்.”

மேடம் கதாநாயகியை உப்பைப் பார்க்காமல் வாரச் சொல்லி மறுபடி எடுத்தார். அந்தப் பெண் திடீரென்று இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். அந்த வித்தியாசம் என் கண்ணுக்கும் தெரிந்ததுதான் வயிற்றெரிச்சல். மத்தியானமே சிங்காரத்துக்கு மானிட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி வந்துவிட்டது. நான் பின்னால் ஸ்கிரிப்ட் பேப்பரோடு நின்றேன்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டார். “தேவா, நாளைக்கு விடியக்கால சீன நீ எடு. நல்லா வந்தா உன் கதைய புரொடியூசர்கிட்ட நானே சொல்றேன்.” எட்டு வருஷம் இதற்குத்தான் நாயாய் உழைத்தேன். அழுகை வந்துவிட்டது. “சிங்காரத்த பக்கத்துல வெச்சிக்க,” என்றார் அடுத்து. வந்த அழுகை நின்றுவிட்டது.

யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வது அசோசியேட்டின் வேலை. யூனிட்டுக்கு ஐந்து மணி என்றேன். சிங்காரத்திடம், “ஒம்பது மணிக்கு வந்தா போதும்ண்ணே,” என்றேன்.

“வெயில் ஏறிடுமே தம்பி. வாருறது விடியக்காலந்தானே?”

“சினிமா உப்புண்ணே. எப்ப வேணா வாரலாம்.”

மறுநாள் வெளிச்சம் அருமையாக அமைந்தது. கதாநாயகி வாரினாள், வரப்போரம் உப்பு குவிந்தது. மூன்றாவது டேக்கிலேயே எனக்குப் போதும் என்று தோன்றியது. மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். “சிங்காரம் எங்க?” என்று மட்டும் கேட்டார்.

“வரலைங்க மேடம்.”

ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வரப்பில் நடந்து வந்தார் சிங்காரம். “ஏன் இவ்ளோ லேட்டு?” என்றார் மேடம்.

சிங்காரம் என்னை ஒருமுறை பார்த்தார். “வண்டி பஞ்சருங்க.”

இந்த நான்கு நாளும் அவர் நடந்துதான் வருகிறார். அது மேடத்துக்கும் தெரியும். பொய்யைக்கூட மனுஷன் என்னைவிட நன்றாகச் சொன்னார்.

எடுத்ததை அவருக்குப் போட்டுக் காட்டினேன். “நல்லா எடுத்திருக்கீங்க தம்பி,” என்றார். சொல்லும்போது அவர் கண் மானிட்டரில் இல்லை. அது போன பக்கம் நானும் திரும்பி வரப்போரக் குவியலைப் பார்த்தேன். உப்பு பழுப்பாக இருந்தது. பலகை அடிவரை இறங்கி, மூன்று டேக்கிலும் களியைச் சேர்த்து இழுத்திருக்கிறது. நான் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிங்காரம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பாத்தியில் இறங்கினார். பலகையால் பழுப்பு உப்பைப் பாத்தியின் உப்புத் தண்ணீருக்குள் இழுத்து அலச ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலே கேமராமேன் விஜயகுமார் கேமராவை அந்தப் பக்கம் திருப்பி ஓடவிட்டான். மானிட்டரில் சிங்காரம் எங்கேயோ ரோட்டுப் பக்கம் பார்த்தபடி இழுத்தார், லேசாகத் தூக்கினார், மறுபடி இழுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை ஏறி வந்தது. நான் எடுத்த மூன்று டேக்கும் இதன் கால் தூசுக்கு வராது. அந்த ஆளின் கையை வெட்டி என் தோளில் ஒட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

“இன்னிக்கு சீன் உன்னுது,” என்றார் மேடம், திரும்பாமல். “கட் நீதான் சொல்லணும்.”

விஜயகுமார் என் முகத்தைப் பார்த்தான். பாத்தியின் அந்தக் கோடிவரை போய்விட்ட சிங்காரம், பலகையைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டு, எங்களை நோக்கி இழுத்து வந்துகொண்டிருந்தார்.