இலைக்கு முத்து, மீனுக்கு முட்டு

அறிவு கொஞ்சமாக இருப்பது குற்றமில்லை, கண்ணுகளா. இருக்கிற கொஞ்சத்துக்குக் கொடி கட்டி ஊர்வலம் விடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடிவதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான் ஒருவன். ஊராருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுக்கிற தொழில். சொந்தப் பார்வை மூக்கு நுனியைத் தாண்டாது. அவன் மனைவி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு மீன் வளர்த்து வந்தாள். நகத்தளவு குஞ்சாக வாங்கியது, இப்போது உள்ளங்கை அகலம். தட்டையாக, வெள்ளியாக இருக்கும். தட்டையன் என்று கூப்பிடுவாள். கண்ணாடியில் அவள் விரல் வைத்தால் விரலோடு வரும்.

அந்தத் தொட்டிக்குத்தான் வந்தது வினை. மீன்தொட்டிக்குள்ளேயே செடி வளர்க்கும் செடித்தொட்டிப் படம் ஒன்றை யாரோ அனுப்பப்போக, இவனுக்குத் தண்ணீருக்குள் தோட்டம் போடும் ஆசை பிடித்துக்கொண்டது. செடி தண்ணீருக்குள் இருந்தாலும் செடிதானே. வெளிச்சம் இருக்கும்போது கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு வளரும். அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்துக் கொடுத்தால் செழிக்கும், தான் விடுகிற காற்றை இலைமேல் முத்து முத்தாகக் கோத்து வைக்கும். அழகுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அளவு மீறினால் மீனுக்கு மூச்சு முட்டும்.

முதலில் சர்க்கரையும் ஈஸ்டும் பாட்டிலில் அடைத்து, அது புளித்து விடுகிற வாயு தொட்டிக்குப் போகக் குழாய் விட்டான். பாட்டில் பொங்கி நுரை முழுக்கத் தொட்டியில் இறங்கி, வீடே புளித்து நாறியது. மனைவியின் தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அத்தான், மீனுக்கு ஊத்திக் குடுக்குறீங்களா? பாவம், தள்ளாடுது பாருங்க."

"உனக்கு விஞ்ஞானம் புரியாது" என்றான்.

அப்புறம் வந்தது கரியமில வாயு அடைத்த சிவப்பு சிலிண்டர். அதன் தலையில் வால்வு, வால்விலிருந்து மெல்லிய குழாய், தொட்டிக்குள்ளே வாயு அளவைக் காட்ட ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் இருக்கும் நீர் நீலமானால் வாயு குறைவு, பச்சையானால் சரி, மஞ்சளானால் ஆபத்து. மூன்றே நிறம். சிக்னலில் நிற்கத் தெரிந்தவனுக்கு இது போதும். நம் ஆள் அதிலும் கோட்டை விட்டான்.

செடித்தொட்டிக் குழுவின் தலைவர் ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னார். ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவர் வாயால் ஒரு 'பேஷ்' வாங்கவேண்டும் என்று இவன் காலையிலேயே வாயுவை ஏற்றி வைத்தான். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. குமிழ் பளிச்சென்று இருக்கவேண்டுமாம். அதிலிருந்த பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினான். புதுநீர் எப்போதும் நீலமாகத்தான் இருக்கும், நிறம் மாற நேரம் பிடிக்கும். இவன் எட்டிப் பார்த்தான்.

"அட, நீலமா இருக்கே! பத்தல" என்று இன்னொரு திருகு திருகினான். திரும்ப வந்து பார்த்தான். இன்னும் நீலம். இன்னொரு திருகு.

இலைகளெல்லாம் முத்துச்சரம் போட்டுக்கொண்டன. தட்டையன் மேலே வந்து, தண்ணீர் விளிம்பில் வாயை வைத்து அள்ளி அள்ளி விழுங்கியது.

"என்னங்க, தட்டையனைப் பாருங்க. மூச்சுக்குத் தவிக்குது."

"பசியா இருக்கும்."

"இப்பதான் தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்ப விருந்தாளி வர்றாங்கன்னு மேல வந்திருக்கான். நீலத்தைப் பாருடி! கருவி சொல்றத நம்புறதா, மீன் சொல்றத நம்புறதா?"

மீன் வாயில்லா ஜீவன். இவனுக்கு அந்தக் குறை இல்லை.

தலைவர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். "பேஷ், பேஷ்! என்ன முத்து!" என்றார். பெரிய மனுஷனுக்கும் கண் இலையோடு சரி. படம் எடுக்க இவன் நகர்ந்து இடம் விட்டான். அந்த நேரம் பார்த்துத் தட்டையன் பக்கவாட்டில் சாய்ந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

அவள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் சிலிண்டர் வால்வை இறுக்கி மூடினாள். சமையலறையிலிருந்து பெரிய குவளையை எடுத்து வந்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள். மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். சூடான பாலை ஆற்றுவதுபோல ஊற்ற ஊற்ற, கரைந்திருந்த வாயு வெளியேறும், நல்ல காற்று உள்ளே போகும். தோட்டமா? மணல் கிளம்பிக் கலங்கிய குட்டையானது. செடிகள் வேரோடு பிடுங்கிக்கொண்டு மிதந்தன. தலைவருடைய கால்சட்டை முழங்கால்வரை நனைந்தது.

"என்னடி பண்ற! என் மானம் போகுது!"

"போகட்டும். அதுக்குச் செவுள் கிடையாது, சாகாது."

தங்கை ஓடிவந்து அக்காவுக்குத் துணையாக இன்னொரு குவளையை எடுத்துக்கொண்டாள். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இல்லன்னா சட்டையும் நனையும்" என்றாள். தலைவர் தள்ளி என்ன, வாசலுக்கே போய்விட்டார்.

அப்போதுதான் குமிழ் ஆறஅமர நிறம் மாறியது. சுத்தமான எலுமிச்சை மஞ்சள்.

"பாத்தியா? நீ கலக்கினதுல மஞ்சளாயிடுச்சு!" என்றான். இதற்கு என்ன சொல்வது? சொல்லுங்கள் செல்லங்களே, என்னதான் சொல்வது?

அவள் கை ஓயவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் தட்டையன் நிமிர்ந்தது. ஒரு துடுப்பை அசைத்தது, பிறகு இன்னொன்றை. அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். மெதுவாக, போதை தெளிந்தவன் நடையாக, விரலுக்கு வந்தது. அப்போதுதான் அவள் அழுதாள்.

மறுநாள் அவன் கலங்கல் தெளிந்த தொட்டிமுன் உட்கார்ந்து, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் தலைவரிடம் போனில் பேசினான். "மீன் கொஞ்சம் சோர்ந்துச்சு சார். நான் உடனே கவனிச்சுத் தண்ணி மாத்திட்டேன்."

போனை வைத்துவிட்டு சிலிண்டரைத் திறக்கப் போனான். வால்வு நகரவில்லை. துணி சுற்றித் திருகினான், பல்லைக் கடித்தான், காலை உந்திக்கொண்டான், காது சிவந்தது. முந்தின நாள் அவள் மூடிய மூடல் அப்படி. அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"திறந்து தரவா?"

"வேண்டாம், வேண்டாம். இன்னிக்குச் செடிக்கு ஓய்வு" என்றான்.

செடி அன்றிலிருந்து ஓய்வில்தான் இருக்கிறது. வளர்ச்சி மெதுவாம், இலையில் முத்தும் இல்லையாம். தட்டையன் அந்த இலைகளுக்கு நடுவே நிழல் பார்த்து உறங்குகிறது.