வலை நிறைந்த வாரம்

போன் அடித்தாலே பாரதிப்ரியாவுக்குப் பயம்தான். கிளிஞ்சல்மேட்டில் போட் கரையேறியதும் அக்கா புருஷன் மணிவேல் மாமா செய்கிற முதல் வேலை அதுதான். மீனைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, காளிக்குப்பத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போன் போடுவார். பிள்ளை பெற்று அங்கே கிடக்கும் பெண்டாட்டிக்கு உடம்பு எப்படி, குழந்தை பால் குடித்ததா என்றெல்லாம் கேட்பதற்கு இல்லை.

"நேத்து அழுதாளா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத. அஞ்சு பேரு ராவெல்லாம் கெடந்துட்டு வந்துருக்கோம். வலையில சொறிமீனும் பாசியும்தான் ஏறியிருக்கு. அழுதாளா இல்லியா?"

"கண்ணுல தூசி விழுந்துச்சு மாமா. அவ்ளோதான்."

"நாஞ் சொல்லல? அழுதுருக்கா" என்று மாமா பக்கத்தில் யாரிடமோ சொல்வது கேட்கும். போன் அணைந்துவிடும்.

புருஷன் கடலில் இருக்கும்போது பெண்டாட்டி அழுதால் அது நேராக அவன் வலைக்குப் போய்ச் சேரும். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமலே அந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. தெரிந்தவர்களிலேயே அதிகம் பயந்தவள் அம்மா நீலாயதாட்சிதான். ப்ரியா சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு சாயங்காலம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. அம்மா வாசலில் நின்று அழ அழ, அப்பா திரும்பிப் பார்க்காமல் போட்டில் ஏறினார். போட் திரும்பி வந்தது, அப்பா வரவில்லை. அன்றோடு அம்மா அழுவதை விட்டுவிட்டாள். சுனாமி வந்தபோது ஊரே தலையில் அடித்துக்கொண்டு கதறியது, அம்மா மட்டும் காய்ந்த கண்ணோடு சேற்றுக்குள்ளிருந்து அண்டாவை இழுத்துக்கொண்டிருந்தாள். அது நடந்து மூன்றாவது வருஷம் இது. புதுக் குடியிருப்பில் கொடுத்த சிமெண்ட் வீட்டில்தான் அல்லி அக்கா பிள்ளையோடு படுத்திருந்தாள்.

அம்மா மீன் கூடையோடு நெரவிக்கும் விழிதியூருக்கும் விற்கக் கிளம்பும்போது தினமும் ஒரே பேச்சுதான். "ஏ ப்ரியா, அவ கண்ணு நனையக்கூடாது. நனைஞ்சுதுன்னா ஒன்னையத்தான் கேப்பேன்." இதற்காகவே ப்ரியாவைப் பதினோராம் வகுப்புக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்திவைத்திருந்தார்கள். ஒரு மாசம்தானே, அப்புறம் படித்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. தீட்டு கழிந்தும் ஆயிற்று, ப்ரியாவின் காவல் முடியவில்லை.

அக்கா இப்படிப்பட்டவளே இல்லை. தெருவில் போகிறவர்களின் நடையையும் பேச்சையும் செய்துகாட்டி, பஞ்சாயத்தார் வாயையே மூடவைத்தவள். மாமியாரில்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டதற்கே, "இனிமே யாரப் போல நடிச்சுக் காட்டுறது?" என்று வருத்தப்பட்டவள். வயிற்றில் ஏழாம் மாசம் நடந்தபோதே ஏதோ ஒன்று அவளிடமிருந்து இறங்கிப் போகத் தொடங்கியது. அப்போது எல்லாரும் அசதி என்றார்கள். பிள்ளை பிறந்த பிறகு திமிர் என்றார்கள். கரண்டி கீழே விழுந்தால் அழுதாள். ஜன்னல் கம்பியில் காக்கா உட்கார்ந்தால் அழுதாள். தலை சீவவில்லை. சோறு தட்டிலேயே காய்ந்தது. பாப்பா வீல் என்று கத்தும்போது, அது பக்கத்து வீட்டுச் சத்தம் போலக் காதைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாப்பா தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. ப்ரியா எப்போது புரண்டு பார்த்தாலும் இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.

அக்காவின் அழுகையை ஒளித்துவைக்க ப்ரியா பழகிக்கொண்டாள். விசும்பல் தொடங்கியதும் டிவியைச் சத்தமாக வைத்தாள். அம்மா வரும் நேரம் பார்த்து முகத்தைக் கழுவிவிட்டு, பவுடர் பூசி, பொட்டு வைத்துவிட்டாள். "சிரிக்கா. மாமா வந்தா இப்படித்தான் சிரிக்கணும். இன்னொருவாட்டி. பல்லு தெரியணும்." அக்கா பல்லைக் காட்டுவாள். ஒரு நாள் வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டும் விசும்பல் அடங்கவில்லை. ப்ரியா அக்காவின் தொடையில் நகம் பதியக் கிள்ளினாள். "நிறுத்துக்கா! நிறுத்து! எனக்குத்தான் ஒதை விழும்." அக்கா நிறுத்தினாள். கிள்ளிய இடத்தைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அக்கா அழவே இல்லை.

மறுநாளே மாமாவின் வலையில் கொடுவா மீன் விழுந்தது. அதற்கு மறுநாள் சங்கரா, போட் தள்ளாடத் தள்ளாட. அந்த வாரம் முழுக்க வலை நிறைந்துகொண்டே இருந்தது. போனில் மாமாவின் குரலே மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அல்வாவும் ரோஸ் கலர் புடவையுமாக வந்து, அக்காவின் கன்னத்தைத் தட்டினார். "இத மொதல்லயே பண்ணியிருந்தீன்னா போட்டுக்கு மோட்டரே மாத்தியிருப்பேனே." அக்கா பல் தெரியச் சிரித்தாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்பத்தான் எம்பொண்ணா இருக்கா. எல்லாம் மனச இறுக்கிப் புடிச்சாப் போதும்."

எல்லாரும் சந்தோஷமாக இருந்த அந்த வீட்டில் ப்ரியாவுக்கு மட்டும் பயம் பிடித்தது. அழுத அக்காவை அவளுக்குத் தெரியும். இப்போது பாயில் உட்கார்ந்திருப்பவள் யாரென்று தெரியவில்லை.

மாமா போன பிறகு, அன்று மத்தியானம் பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டே அக்கா கேட்டாள். உப்பு இருக்கா என்று கேட்கிற குரல்.

"ப்ரியா, பாப்பாவ உப்பனாத்துல வுட்டா மெதக்குமா, முழுவுமா?"

"என்னக்கா சொல்ற?"

"நானும் கூடவே எறங்கிட்டா அதுக்குப் பயமா இருக்காதுல்ல." அடுத்த துணியை எடுத்து உதறினாள். "சும்மாதான் கேட்டேன். அம்மாகிட்ட சொல்லாத. சொன்னீன்னா செத்துருவேன்."

ப்ரியா யாரிடமும் சொல்லவில்லை. அரிவாள்மனையை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் மறைத்தாள். பாப்பாவைத் தன் பக்கம் கிடத்தி, அதன் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு படுத்தாள். சொன்னால் அக்கா செத்துவிடுவாள், சொல்லாவிட்டால் இரண்டு பேரும். இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாவுக்குத் தடுப்பூசி போடக் காரைக்காலுக்குப் போனபோது மூன்று பேருமே போனார்கள். அம்மா அக்காவுக்கு அந்த ரோஸ் புடவையைக் கட்டிவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட கமருன்னிசா சிஸ்டர், பாப்பாவைத் திருப்பிக் கொடுக்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தார்.

"தூக்கம் வருதாம்மா ஒனக்கு?"

"நல்லா தூங்குறா" என்றாள் அம்மா.

"அவளக் கேட்டேன்."

"அவ வெக்கப்படுவா சிஸ்டர். சோறு தண்ணியெல்லாம் நல்லா எடுத்துக்குறா. ஒரு கொறையும் இல்ல."

அக்கா சிரித்தாள். "நல்லா தூங்குறேன் சிஸ்டர்." பல் தெரிந்தது. தான் கற்றுக்கொடுத்த சிரிப்பு அது என்று ப்ரியாவுக்குத் தெரிந்தது. எவ்வளவு சரியாகக் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவள் அம்மாவைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"பொய் சிஸ்டர்" என்றாள். "அக்கா தூங்குறதே இல்ல. பாப்பாவ ஆத்துல வுட்டா மெதக்குமான்னு கேட்டுச்சு. கூடவே எறங்கிருவேன்னுச்சு."

வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். யாரோ "அய்யய்யோ" என்றார்கள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். நாலைந்து மாசமாகக் கேட்காத அவளுடைய பழைய சிரிப்பு.

"இவ கதை கட்டுவா சிஸ்டர். பள்ளிக்கூடம் போவாம வூட்டுலயே கெடக்குறால்ல, கிறுக்கு புடிச்சிருச்சு. எம்புள்ளயப் பாத்தா இவளுக்குப் பொறாம."

அம்மாவின் கை மீன் வாடையோடு ப்ரியாவின் கன்னத்தில் இறங்கியது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை சிஸ்டர் பிடித்துக்கொண்டார்.

"அவள ஏம்மா அடிக்கிறீங்க? இது பேயும் இல்ல, திமிரும் இல்ல. வயித்துல புள்ள இருக்கறப்பவும், பெத்தெடுத்த பெறவும் சில பேருக்கு மனசு இப்படி நோவுல விழுந்துரும். மருந்து இருக்கு, கொணமாயிரும். ரெண்டு மணிக்கு டாக்டரம்மா வந்துருவாங்க. பாக்காம போவாதீங்க."

"பைத்தியம்னு பேரு வாங்கிட்டுப் போவச் சொல்றீங்களா? நாளைக்கு அவ புருஷன் இவள வச்சுக்குவானா?" அம்மா பாப்பாவைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "பெத்தவ எனக்குத் தெரியாதா? ஒரு வாரமாச்சு, ஒரு சொட்டுக் கண்ணீரு வுடல, கேட்டுப் பாருங்க."

"அதுதாம்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார் சிஸ்டர். அம்மா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். அக்கா பின்னாலேயே போனாள். ப்ரியா சிஸ்டரை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் அம்மா டிரைவருக்குப் பின் சீட்டில் பாப்பாவோடு உட்கார்ந்தாள். அக்காவும் ப்ரியாவும் அதற்குப் பின்னால். வண்டி கிளம்பியதும் அம்மா போனை எடுத்தாள். யாருக்குக் கேட்டால் என்ன என்கிற குரல்.

"மாப்ள, சாயங்காலமே வந்து அழைச்சிட்டுப் போயிருங்க. இல்ல, நல்லாத்தான் இருக்கா. சின்னவளுக்குத்தான் வாய் சரியில்ல. ஊரெல்லாம் அள்ளித் தெளிச்சிருவா போலருக்கு. அவ ஒங்க வூட்டுப் பக்கம் வரவே வேண்டாம்."

மாமா கடலுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் அக்காவையும் பாப்பாவையும் தவிர வேறு யாரும் கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்தால் உப்பனாறு.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுச்சேரி தாண்டிய பிறகு பேசினாள். "சொல்லாதன்னு சொன்னேன்ல."

"பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கும்தான் இருந்துச்சு." பிறகு கோபமே இல்லாமல், "இனிமே ஒங்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள்.

காளிக்குப்பத்துக்கு இறங்கவேண்டிய பூவத்தில் பஸ் நின்றது. "ம், எறங்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் பாப்பாவோடு முன்பக்கமாக இறங்கினாள். அக்கா எழுந்திருக்கவில்லை. அவளுக்கு ஊர் வந்ததே தெரியவில்லை போலிருந்தது. அவளைத் தொட நீட்டிய கையை ப்ரியா பாதியில் நிறுத்தினாள். பிறகு அக்காவின் முந்தானையை எடுத்துத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி, முஷ்டியை மூடிக்கொண்டு, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பூவம் டிக்கெட்டெல்லாம் எறங்கியாச்சா? ஏம்மா, நீங்க பூவம்தானே?" என்றார் கண்டக்டர்.

"பொறையாறு" என்றாள் ப்ரியா. தன் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பொறையாற்றில் அவளுக்கு யாரையும் தெரியாது. ரெண்டு மணிக்கு டாக்டரம்மா வருகிற காரைக்காலுக்கு அங்கிருந்து திரும்பிப் போக பஸ் உண்டு என்பது மட்டும் தெரியும். கையில் ஒரு பைசா இல்லை.

விசில் கேட்டது. வண்டி நகர்ந்த பிறகுதான் அம்மா திரும்பினாள். "ஏ! ஏய்! எறங்குங்கடி!" என்று ஓடிவந்து தகரத்தில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். குலுக்கலில் விழித்துக்கொண்ட பாப்பா அவள் தோளில் வீறிட்டது. பஸ் வேகமெடுத்த பின்னும் அந்தச் சத்தம் கொஞ்சதூரம் ஜன்னலோடு கூடவே வந்தது.

"டிக்கெட் எடும்மா" என்று கண்டக்டர் வந்து பக்கத்தில் நின்றார். ப்ரியா நிமிரவில்லை. அக்கா அசையாமல் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரவிக்கையின் முன்பக்கத்தில் இரண்டு வட்டங்கள் ஈரமாக விரிந்தன. வண்டி நண்டலாற்றுப் பாலத்தில் ஏறியபோது, ரோஸ் புடவையின் மடிப்புக்குள் பால் இறங்கிக்கொண்டிருந்தது.