குடும்ப நடை

காலுள்ளவர்கள் எல்லோரும் நடக்கிறார்கள். ஆனால் நடை என்று சொல்லத் தகுந்த ஒன்றை ஆண்டவன் அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும்தான் கொடுத்திருக்கிறான். இந்தப் பேருண்மையை டாக்டர் மாமா கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே நின்று அறிவித்துக்கொண்டிருந்தபோது, நடைக்குச் சொந்தக்காரர் உள்ளறையில் படுத்திருந்தார். காலையில்தான் இறந்திருந்தார். நடப்பதை அதற்கு வெகுகாலம் முன்பே நிறுத்தியிருந்தார். மகள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தைப் பழைய கறுப்பு ஷூவுக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏறல அத்தை.”

“ஷூ இல்லாம என் தம்பி வாசப்படி தாண்டினதே இல்லடி. நல்லாத் தள்ளு. அவனுக்கென்ன, வலிக்கவா போகுது?” என்றாள் அப்பாவின் அக்கா. சொன்ன வேகத்திலேயே உடைந்து அழுதாள்.

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகர். வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் தெருமுனையில் முகம் தெரிவதற்கு முன்பே அவர் தோள்கள் தெரிந்துவிடும். இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. கால்களை அகட்டி வைத்து, நகராட்சி தனக்காகத்தான் தெருவை அகலப்படுத்தியது என்பது போல வருவார். மகளும் அவள் தம்பியும் ஓடிப்போய் ஆளுக்கொரு கையில் தொங்குவார்கள். அவர் சாயும் பக்கத்துப் பிள்ளைக்குத் தரை எட்டும். மற்றது அந்தரத்தில் ஆடும். நடந்து வரும் ஊஞ்சல் அந்தத் தெருவில் வேறெந்தப் பிள்ளைக்கும் வாய்க்கவில்லை.

“ஏம்ப்பா இப்படி ஆடி ஆடி நடக்கறீங்க?”

“ஓடற வண்டியிலயே காலத்தை ஓட்டினவன்டா. தரை அசையாம நின்னா எனக்குக் கூச்சமா இருக்கு.”

வீடே சிரிக்கும். ஓடும் ரயிலில் எல்லோரும் ஆடினார்கள் என்பதால் அங்கே அவர் ஆட்டம் தனியாகத் தெரியவில்லை. தாத்தா ரயிலில் வேலை பார்க்காமலே அப்படித்தான் நடந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அதற்கு ராஜநடை என்று பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்த பிறகு யோசிப்பது பெரியவர்களுக்கு மரியாதை இல்லை. அத்தையைக் கட்டிக்கொண்ட டாக்டர் மாமாகூட, மாப்பிள்ளையாக வந்த புதிதில் அந்த நடையைக் கண்ணாடி முன்னால் பழகியதாகக் கேள்வி. மூன்றே மாதத்தில் வந்துவிட்டது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

பிறகு அப்பா கையிலிருந்து தம்ளர் நழுவியது. பேச்சு குழறியது. சோடாவைத் தவிர வேறு பாட்டில் திறந்தறியாத மனிதர் வேலை நேரத்தில் குடிக்கிறார் என்று பயணி ஒருவர் புகார் எழுதிப் போட்டார். மேலதிகாரி அவரை வாய் ஊதச் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “ஊதிக் காட்டினேன்மா” என்று மகளிடம் சிரிக்கப் பார்த்தார்.

கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கும் மகள், ராத்திரி பகல் என்று பாராமல் போனில் தேடினாள். முதலில் அகப்பட்டவர் ஒரு பொடி விற்றார். அடுத்தவர், நோய் என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாம் மனம்தான் என்று முழங்கிவிட்டுக் கடைசியில் அவரும் பொடிதான் விற்றார். டாக்டர் மாமா, மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் என்ற உரிமையில், “நரம்புச் சூடு” என்று தீர்ப்பளித்து உச்சந்தலையில் வெங்காயச் சாறு தேய்க்கச் சொன்னார். அப்பா ஒரு மாதம் வெங்காயமாக மணந்தார். விழுவது குறையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகர் என்று ஓர் அம்மாள் இருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு அவசரமில்லாமல் பேசினார். நடையையும் பேச்சையும் ஒழுங்குபடுத்தும் சிறுமூளை மெல்லத் தேய்கிறது, பரம்பரையாக வருவது, பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, குணமாக்க இப்போது மருந்தில்லை, விழாமல், புரையேறாமல் பார்த்துக்கொள்ள வழிகள் உண்டு.

“எவ்வளவு வேகமாப் போகும் மேடம்?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

அத்தனை காலத்தில் தனக்குத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள். அதனாலேயே மகள் அவரை நம்பினாள்.

அந்த அம்மாள்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். இதே நோய் உள்ள குடும்பங்கள் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் கூட்டம். தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுத்தால் புரையேறாது என்று யாரோ ஒரு மருமகள் அங்கேதான் சொன்னாள். முதல் நாள், திரையில் எல்லோரும் குழறிக் குழறி ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதை அப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“எல்லாம்... நம்ம... ஆளுங்கடி.”

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே முகச்சவரம் கேட்பார்.

மகள் தனக்கும் பரிசோதனை செய்துகொண்டாள். இல்லை என்று வந்தது. பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதித் தேறியவள் போல அதைத் தம்பியிடம் சொல்லக் கூசினாள்.

“நீ ஒரு தடவை அவங்களைப் பாருடா. சோதனை பண்ணிக்கறதும் வேணாங்கறதும் உன் இஷ்டம். பேசவாவது பேசு.”

“எனக்கென்னக்கா, குதிரை மாதிரி இருக்கேன்.”

“அவனை விடுடி,” என்று அத்தை குறுக்கே வந்தாள். “பொண்ணு பாத்துட்டிருக்கோம். பரம்பரை, பாதிக்குப் பாதின்னு நீ பாட்டுக்கு வெளிய உளறி வைக்காதே. எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது.”

ஷூ கடைசிவரை ஏறவில்லை. அப்பா காலுறையோடு கிளம்பத் தயாரானார்.

கீழே வண்டி வந்து நின்றது. மாடிப்படி குறுகல். நான்கு பேர் தூக்கினார்கள், தம்பி முன்பக்கம். படித்திருப்பத்தில் அவன் தோள் சுவரில் இடித்து, சுண்ணாம்பு சட்டையில் ஒட்டியது. “பாத்துப்பா, பாத்து” என்றார்கள். தெருவில் இறங்கியதும் வண்டி வரைக்கும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. தம்பி கால்களை அகட்டி வைத்தான். இந்தப் பக்கம் ஒரு சாய்வு. அந்தப் பக்கம் ஒரு சாய்வு. அப்பாவும் கூடவே ஆடினார்.

அத்தை வாயில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, பாருங்களேன்! அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கானே!”

“ராஜநடை எங்க போகும்? ரத்தத்துல இருக்கு!” என்றார் டாக்டர் மாமா. வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சரியான மருத்துவக் கருத்து அதுதான். கூட்டம் தலையாட்டியது, பலபேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டாக்டர் மாமாவும் பின்னாலேயே ஆடி ஆடி வந்தார். அவர் ஆட்டம் தாளம் தப்பாமல் இருந்தது. தம்பியின் ஆட்டத்தில் தாளமே இல்லை.

மகள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அப்பாவின் வலது கை வேண்டும்போல இருந்தது. எப்போதும் அந்தக் கைதான் அவளுடையது.

மின்மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்தார்கள். கேட்டருகே டாக்டர் மாமா யாருக்கோ தாத்தாவின் நடையை நடந்து காட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த ஞாயித்துக்கிழமைக் கூட்டம்...” என்றான் தம்பி. “அப்பா இல்லைன்னா நம்மளைச் சேத்துப்பாங்களா?”

“சேத்துப்பாங்க.”

“என்ன பேசுவாங்க?”

“போன வாரம் ஒருத்தர் மாட்டைப் பத்திதான் பேசினார். கன்னு போட்டிருக்காம்.”

அவன் சட்டையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினான். தட்டத் தட்டப் பரவியது. உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அந்த ஆலோசகர் அம்மா முதல்ல என்னக்கா கேப்பாங்க?”

“எதெது கஷ்டமா இருக்கு, எப்பலேருந்துன்னு கேப்பாங்க.”

அவன் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“உக்காந்துதான் பேன்ட் போடறேன்க்கா. ஒரு வருஷமா.”