கூடக் கொஞ்சம் குழம்பு

தப்பு மகாதேவன் மேல்தான். கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் அவரே ஒப்புக்கொள்வார்.

சனிக்கிழமை மதியம். அமெரிக்காவின் சன்னிவேல் நகரில், எல் கமினோ ரியல் சாலையோரத்து ஃபுட் ஹாலில், டான் அங்க்கிள் கடையின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் அவர் நின்றிருந்தார். பின்னால் நாற்பது பேர் வரிசை. சிங்கப்பூரிலிருந்து வந்து பாதி வாழ்க்கையை அடுப்படியிலேயே கழித்த டான் அங்க்கிள், பட்டையான நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, மேலே பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று குழம்பை ஊற்றிக் கொடுப்பார். லோர் மீ என்று பெயர். வத்தக்குழம்பில் கஞ்சியைக் கலந்த மாதிரி இருக்கும், பார்க்க. வாயில் வைத்தால் பேச்சு நின்றுவிடும்.

அன்றைக்கு டான் அங்க்கிள் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நிறுத்திக்கொண்டார். வழக்கம் ஒன்றரைக் கரண்டி.

மகாதேவனின் வாலிபப் பருவம் திருவல்லிக்கேணி மெஸ்ஸில் கழிந்தது. அங்கே சாம்பார் வாளி நகர்வதற்குள் தட்டை நீட்டாதவன் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. முப்பது வருட அமெரிக்காவும் அந்தக் கையை மாற்றவில்லை. கண்ணாடிக்கு மேலாகக் கிண்ணத்தை நீட்டி, "கூடக் கொஞ்சம்" என்று தமிழிலேயே சொன்னார். முழங்கை, பானைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த நீளக் கரண்டியின் காம்பில் இடித்தது. கரண்டி எம்பியது. குழம்பு டான் அங்க்கிளின் ஏப்ரன் மேலும், கல்லாப்பெட்டி மேலும், மகாதேவனின் புது வெள்ளைச் சட்டை மேலும் பாரபட்சமின்றித் தெறித்தது. கடைசியாக, டொக் என்று அவர் முன்னால் இருந்த ட்ரேயில் ஒன்று வந்து விழுந்தது.

எலும்பு. கட்டை விரலை விடப் பருமன்.

மன்னிப்புக் கேட்கத் திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் மகாதேவன் சாதாரண சைவர் இல்லை. 'சன்னிவேல் சைவம்' வாட்ஸ்அப் குழுவின் அட்மின். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எங்கே சாப்பிடலாம் என்று அவரைக் கேட்டுத்தான் சாப்பிடுவார்கள். போன மாதம்தான், மீன் சாஸ் போட்ட சூப்பைத் தெரியாமல் சிபாரிசு செய்த சபரிநாதனை, 'விசாரிக்காமல் எழுதுவது பொறுப்பின்மை' என்று மூன்று பத்தி எழுதிக் குழுவிலிருந்து தூக்கியிருந்தார். டான் அங்க்கிள் கடை டோஃபு லோர் மீக்கு, இரண்டு வருடமாக அவர் கையால் போட்ட பச்சை டிக் இருக்கிறது.

விசாரித்துத்தான் போட்டார். "இதில் மீட் இருக்கிறதா?" என்று கிண்ணத்தைக் காட்டிக் கேட்டார். கல்லாப் பெண் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்றாள். பானைக்குள் எட்டிப் பார்க்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மகாதேவனுக்கு உத்தியோகம், பிறர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது.

குழு கிடக்கட்டும். அந்த எலும்பைப் பார்த்ததும் அவர் நினைத்தது ஹாலின் மறுகோடியில், ஜன்னலோரம் மேசை பிடித்து உட்கார்ந்திருந்த மனைவி காமாக்ஷியைத்தான்.

காமாக்ஷி வெளியே சாப்பிட மாட்டாள். யோசெமிட்டி மலைக்கு டூர் போனாலும் தயிர்சாதம் டப்பாவில் கூட வரும். இரண்டரை வருடத்துக்கு முன்னால் பெண் மானஸா படிக்க டெக்சஸ் போனதும், அந்த டப்பாவும் நின்றது. சமைப்பாள், ஆனால் ஏனோதானோவென்று. சோபாவின் ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பாள். ஒரு சனிக்கிழமை மகாதேவன் கட்டாயப்படுத்தி இங்கே கூட்டிவந்தார். கிண்ணத்தைக் காலி செய்தாள். கிண்ணத்தைத் தூக்கி மிச்சக் குழம்பையும் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை வருவோமா?" என்று கேட்டாள். ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து 'அடுத்த' என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

இப்போது இதை அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், நூறு சனிக்கிழமையும் அவள் வயிற்றில் புரளும். சொல்லாவிட்டால், எதிரே உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது?

இந்த மாதிரி நேரத்தில் மனிதனுக்குக் கோபம் ஒரு சௌகரியம். மகாதேவனுக்குக் கோபம் வந்தது.

"இது என்ன?" என்று எலும்பைக் காட்டிக் கேட்டார். ஆங்கிலத்தில்தான். ஆனால் கோபம் வந்தால் அவர் ஆங்கிலம் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோட்டுக்குத் திரும்பிப் போய்விடும்.

கல்லாப் பெண், குழம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இட்ஸ் ஓகே சார், இப்படி ஆவது சகஜம்."

"நான் கேட்டது அதை இல்லை. குழம்பில் என்ன போடுகிறீர்கள்?"

"அது எங்க சிக்னேச்சர் குழம்பு சார். நிறைய மசாலா. நிறைய அன்பு."

அன்புக்கு எலும்பு உண்டா என்று மகாதேவன் யோசித்தார். "அசைவமா, சைவமா? ஒரே வார்த்தையில் சொல்."

அவள் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். கோதுமை, சோயா, எள், முட்டை என்று அலர்ஜிப் பட்டியல். எலும்பு இல்லை. உலகத்தில் யாருக்கும் எலும்பு அலர்ஜி இல்லை போலிருக்கிறது.

"மேனேஜரைக் கூப்பிடு."

"அங்க்கிள்தான் மேனேஜர்."

டான் அங்க்கிள் ஏப்ரனைத் துடைத்து முடித்து நிமிர்ந்தார். எலும்பைப் பார்த்தார். மகாதேவனைப் பார்த்தார். "இது பக்கத்துப் பானையோடதாக இருக்கும்" என்றார்.

கடையில் ஒரே பானைதான் இருந்தது. மகாதேவன் அதை எண்ணிக் காட்டினார். ஒன்று.

"நீங்கள் வாராவாரம் வருகிறவர்" என்றார் பெரியவர், வேறெங்கோ பார்த்தபடி. "புதுசாக இரண்டு கிண்ணம் போட்டுத் தருகிறேன்."

"எனக்குக் கிண்ணம் வேண்டாம். பதில் வேண்டும்."

"குழம்பு நிறைய ஊற்றுகிறேன்."

ஊற்றினார். ஒரு கிண்ணத்துக்கு மூன்று கரண்டி, விளிம்பு வரை. கேட்டபோது கிடைக்காதது, வேண்டாம் என்றதும் வழிய வழிய வந்தது. வரிசையில் அடுத்து நின்ற ஹூடி போட்ட இளைஞன், "அங்க்கிள், ஆர்டர் முடிஞ்சதா?" என்று மகாதேவனைத் தமிழில் கேட்டான். குழுவில் இருப்பவனாகக்கூட இருக்கலாம். மகாதேவன் திரும்பிப் பார்க்கவில்லை. எலும்பை டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாட்சியம். எந்தக் கோர்ட்டில் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒரு கேள்வி. ஆமாம் அல்லது இல்லை. இதைச் சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் நாக்கு வளையாதா? ஆபீசில் கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். கிரீன் கார்டு வக்கீலைக் கேட்டால் 'சூழ்நிலையைப் பொறுத்தது' என்றான், பதினோரு வருடம். இப்போது குழம்புக்கும் இதே கதி. மனதுக்குள் மூன்று பத்தி எழுதிக்கொண்டே, தளும்பும் இரண்டு கிண்ணங்களோடு ஜன்னலோரத்துக்கு வந்து சேர்ந்தார்.

"ஏன்னா, ஏன் இவ்ளோ நாழி?" என்றாள் காமாக்ஷி. பெரிய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "இன்னிக்கு என்ன, குழம்பு இவ்ளோ? மாப்பிள்ளை உபசாரமா?"

மகாதேவன் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மூடினார். "இன்னிக்கு இது வேண்டாமே. எதிர்ல தோசை சாப்பிடலாம்."

"தோசை ஆத்துல இருக்கு. கைய எடுங்கோ."

"ஒரு சேஞ்சுக்குச் சொன்னேன்."

"சேஞ்சுக்குத்தான் இங்க வரோம்." அவள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "என்னாச்சு? முடி கிடந்ததா?"

"முடியெல்லாம் இல்லை."

"பூச்சியா?"

"பூச்சியா இருந்தாத் தேவலையே."

"பின்ன என்னன்னு சொல்லுங்கோளேன்."

"ஒண்ணுமில்லை" என்றார் மகாதேவன். சொன்ன பிறகுதான், பக்கத்துப் பானை என்று டான் அங்க்கிள் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, தன் முகமும் இப்போது அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"சட்டைப்பையில என்னது? எண்ணெய் கசியறது பாருங்கோ."

இனி ஒளிக்க வழியில்லை. எடுத்து மேசையில் வைத்தார். டிஷ்யூ தானாகவே விரிந்துகொண்டது. "இது நம்ம குழம்புல இருந்தது. அந்தப் பானையில. நானா இடிச்சுண்டு, நானா கண்டுபிடிச்சேன். அந்தக் கிழவர் வாயைத் திறக்க மாட்டேங்கறார். ரெண்டு வருஷமா நம்மள ஏமாத்திருக்கா, காமு. நான்தான் பச்சை டிக் போட்டேன். நான்தான் உன்னை இழுத்துண்டு வந்தேன். உன் தலையில..." மேலே சொல்ல முடியவில்லை.

காமாக்ஷி எலும்பைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரரைப் பூங்காவில் பார்த்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை.

"முழங்கால் எலும்பு" என்றாள். "ரெண்டா உடைச்சுப் போட்டாத்தான் சாறு இறங்குமாம்."

மகாதேவனின் கை கிண்ணத்திலிருந்து தானாக விலகியது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"லில்லி சொன்னா."

"லில்லி யாரு?"

"டான் அங்க்கிள் ஆத்துக்காரி. கை அலம்பற இடத்துல பழக்கம். குழம்புல என்னடி போடறேள்னு கேட்டேன். பன்னி எலும்பு, எட்டு மணி நேரம்னா."

"எப்போ?"

"நாம வந்த ரெண்டாவது வாரம்."

"அரை மணி நேரமா அங்க நின்னு மன்றாடினேன். ஒருத்தர் சொல்லலை."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

மகாதேவனுக்குக் கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. டான் அங்க்கிள் மேல் வைத்திருந்ததை எடுத்தாகிவிட்டது. இவள் மேல் வைக்கப் போனால் அது நிற்கவில்லை. "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார்.

"சொன்னா நீங்க நிறுத்திடுவேள். அப்பறம் என்னை யாரு கார்ல கூட்டிண்டு வருவா?"

"அந்த சபரிநாதனை நான் குழுவுலேர்ந்து தூக்கினேனே."

"பாவம். திரும்பச் சேத்துக்கோங்கோ."

அவள் சாப்ஸ்டிக்கைப் பிரித்து, ஒன்றோடொன்று உரசிச் சிலாம்பு நீக்கினாள். ஜன்னல் வெயிலில் குழம்பு பளபளத்தது. ஐம்பத்து மூன்று வருட ஆசாரம், அம்மா வீட்டு மடி, யோசெமிட்டி வரை போன தயிர்சாதம். இத்தனையும் மகாதேவன் மனதில் வரிசையாக வந்து நின்றன. எனக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தார். அந்த நினைப்பில் கண் கலங்கக்கூடத் தயாராக இருந்தார்.

"தெரிஞ்சும் எதுக்குடி சாப்பிட்டே, நூறு வாரம்?"

காமாக்ஷி நூடுல்ஸைத் தூக்கிக் குழம்பில் நன்றாகப் புரட்டினாள்.

"ருசியா இருக்கு" என்றாள். "அதான்."