முட்டை நாற்றம்

கரவனின் முன்பக்கம், வெளியே ஒரு பெட்டிக்குள்தான் பற்றரி இருந்தது. காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் வீட்டு வண்டி அது, ஐம்பது வருடப் பழைய கரவன். வெளியே இருந்தால் கள்ளர் கொண்டுபோய்விடுவார்கள் என்று, என் கணவர் அருள்தாசன் அதைக் கழற்றி, சார்ஜ் ஏற்றும் கொன்வேட்டரோடு சேர்த்துப் படுக்கைக்குக் கீழே பூட்டினார்.

"வெளியில வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கும்," என்றேன்.

"உமக்கு உது விளங்காது."

மறுநாள் எங்கள் மகளோடும் அவருடைய தமக்கையோடும் கிரெய்கிபர்ன் வீட்டில் இருந்து கரவனை இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். கரவன் பார்க்கில் கரண்ட் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் உள்ளே கூழ்முட்டை நாறியது.

"உம்மட ரோல்ஸ்தான்!" என்று தன் தமக்கைக்கு முன்னால் கத்தினார். அவித்த முட்டையை உள்ளே வைத்துச் சுருட்டி, விடிய எழும்பி நான் பொரித்த நாற்பது ரோல்ஸ். ஒன்றையாவது பிய்த்து முகர்ந்து பார்க்கவில்லை. அத்தனையையும் குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

நாற்றம் இன்னும் கூடியது. பக்கத்துக் கரவன்காரர் யோன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து கரண்டை நிறுத்தினார். இது பற்றரி கொதிக்கிற நாற்றம், அந்த வாயு வெடிக்கும் என்று ஆங்கிலத்தில் ஏசினார். என் மகள் சற்றுமுன் வரை படுத்திருந்த மெத்தையைத் தூக்கினேன். கீழே பற்றரி ஊதிப்போய்க் கிடந்தது.

பின்னேரம் அருள்தாசன் மெல்ல வந்தார். "பசிக்குது. ரோல்ஸ் ஒண்டும் மிஞ்சேல்லையே?"

"எல்லாம் வெளியில தொட்டிக்குள்ள கிடக்கு. கள்ளர் ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. போய்ச் சாப்பிடுங்கோ."